தர்ஷினியின் வலது தொடை

அக்டோபர் 14, செவ்வாய். தூறல்.
காலை எட்டுக்கே வார்டில் சேர்த்தாயிற்று. வாங்க வேண்டியவை: பிளாஸ்க், பெட்பேன், கொசுவத்தி. தர்ஷினி கொய்யாப்பழம் கேட்கிறாள்.

காளவாசலில் பைக் இடித்து ஏழு வாரம். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். தொடை எலும்பின் உடைந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அப்படியே ஒட்டிவிட்டன. கால் மூன்று செ.மீ. கட்டை.

"அன்னைக்கே ரெண்டு கம்பி விட்டிருந்தா இந்நேரம் ஓடிக்கிட்டு இருப்பா. ஏம்மா ஆஸ்பத்திரிய விட்டுக் கூட்டிட்டுப் போனீங்க?"

என்னத்தைச் சொல்ல?

15, புதன். வெயில்.
இந்த நோட்டிலாவது சொல்கிறேன். இவருக்குச் சின்ன வயதில் ஒடிந்த கை, திருப்பரங்குன்றம் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரரிடம் சரியானது. அதிலிருந்து அவர்தான் இவருக்குச் சாமி. இவர் அண்ணன் வேறு: "பொம்பளப் பிள்ளைக்குத் தொடையில தழும்பு, உள்ள கம்பி. நாளைக்கு எவன் கட்டிக்குவான் தாயி?" எட்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. ஆனாலும், ஆப்பரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்த மாவு. வாரம் ஒரு கட்டு. கத்துவாள். "வலிச்சாத்தேன் ஒட்டுதுன்னு அர்த்தம்" என்பார் கட்டுக்காரர். நானும் அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். பாவி நான்.

16, வியாழன். மழை.
நாளை ஆப்பரேஷன். ஒட்டியதை வெட்டி, இழுத்து நேராக்கி, தகடு வைத்துத் திருகாணி. இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "சுருங்குன காலை இழுக்குறப்ப நரம்பும் இழுபடும். பாதத்தைத் தூக்க முடியாமப் போகலாம். சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது."

இவர் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"ஏன், இப்ப உங்களுக்குக் கை இல்லையா?"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். இவரே போட்டார். எங்கே போடுவதென்று நர்ஸிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். பாவமாக இருந்தது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

"தீபாவளிக்கு நடப்பேனாம்மா?" என்றாள் தர்ஷினி. நடப்பே என்றேன்.

17, வெள்ளி.
ஏழரைக்கு உள்ளே. பதினொன்றரைக்கு வெளியே. எலும்பு நேராகிவிட்டதாம். மயக்கம் முழுசாகத் தெளிந்ததும் பாதத்தைப் பார்ப்பார்களாம். இவர் அண்ணன் போன் செய்தார். எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

18, சனி. புழுக்கம்.
ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ். இரண்டு காலும் ஒரே நீளம். இவர் குனிந்து குனிந்து பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

இளம் டாக்டர் பாதத்தில் விரலால் கீறினார். "தெரியுதா?"

"எது சார்?"

"பாதத்தை மேல தூக்கு பாப்பா."

பாதம் தொங்கியது.

"இன்னும் கொஞ்சம்."

பல்லைக் கடித்தாள். பாதம் அசையவே இல்லை. முகமெல்லாம் வேர்வை. மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னாள்: "தூக்கிட்டேன்ல சார். இம்புட்டுத்தேன் வருது."