அம்மணி நடைப்பந்தயம் பார்த்த சனிக்கிழமை

லண்டன்
11-1-1948

என் கண்ணு ஜெயத்துக்கு, அம்மா கோடி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் சௌக்கியம். நீயும் தாண்டவராயன் மாமாவும் அத்தையும் சௌக்கியமாயிருக்க வேண்டும். விழுப்புரத்திலேயே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது என்று மாமா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். உன் அப்பா இருந்து பார்க்கவில்லையே என்று பிறகு அழுதேன். நீ அந்த வேலைக்குப் படிக்கத்தானே நான் துரை வீட்டில் ஆயாவாகச் சேர்ந்து, அவர்களோடு கப்பலேறி வந்தது?

இங்கே குளிர் சொல்லி மாளாது. கால் விரலெல்லாம் சிவந்து வீங்கியிருக்கிறது. குழந்தை ராபின் நன்றாக நடக்கிறான். தமிழில் "தண்ணி" என்கிறான். துரைசானிக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு வேடிக்கை கேள். சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து ரோட்டோரம் கூட்டிப் போவேன். போன மாதம் பதினைந்து இருபது ஆம்பிளைகள் அரை நிஜாரோடு, இடுப்பை வெட்டி வெட்டி, வேகவேகமாக நடந்து வந்தார்கள். யாராவது துரத்தினால் ஓடவேண்டியதுதானே, ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று பயந்து வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி வாளியும் பஞ்சுமாக நின்றிருந்தாள். ஹில்டா என்று பெயர். அவள் புருஷன் போலீஸ்காரன், அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். அது நடைப்பந்தயமாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். இரண்டும் தரையைவிட்டால் ஓட்டம் என்று வெளியேற்றிவிடுவார்களாம். இப்போது எல்லாச் சனிக்கிழமையும் போகிறேன். ஹில்டா பஞ்சை நனைத்துக் கொடுப்பாள், நடக்கிறவர்கள் முகம் துடைத்துக்கொள்ள நான் நீட்டுவேன். யார் முழங்கால் மடங்குகிறது, யார் கால் தூக்குகிறது என்று எனக்கே தெரிகிறது.

திண்டிவனத்து வீட்டை ஒரு நடை போய்ப் பார். ஓலை மாற்றவேண்டியிருக்கும்.

உன் அம்மா,
அம்மணி


விழுப்புரம்
7-3-1948

அம்மாவுக்கு உன் மகள் ஜெயம் பாதம் தொட்டு எழுதுவது.

உன் கடிதங்கள் கிடைத்தன. வீட்டைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சுவர் கொஞ்சம் கரைந்திருக்கிறது. மற்றபடி பூட்டு பத்திரம்.

ஒரு வருஷம், அதற்கப்புறம் துரைசானியே கப்பல் சீட்டு வாங்கி அனுப்பிவிடுவாள் என்று சொல்லிப் போனாய். ஆடி வந்தால் ஒரு வருஷம் ஆகிறது. போன மூன்று கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்று கேட்டேன். நீ மூன்றிலும் நடக்கிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். யாருக்கு முழங்கால் மடங்கினால் நமக்கென்ன அம்மா?

எனக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை ராஜாமணி, ரயிலில் ஃபயர்மேன். மெட்ராசுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே போகிற வண்டியில் கரி தள்ளுகிறார். ஒரே பிள்ளை. அம்மா மட்டும் இருக்கிறார், முனியம்மாள் என்று பெயர், கண்டிப்பானவர். போன வாரம் பார்க்க வந்தார்கள். "பொண்ணோட அம்மா எங்க?" என்று அந்த அம்மாள் கேட்டதும் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

நீ வந்து நின்றால் போதும். தேதி எழுது.

இனிமேல் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கே போடு.

உன் மகள்,
ஜெயம்


லண்டன்
18-4-1948

என் கண்ணு ஜெயத்துக்கு அம்மா ஆசீர்வாதம்.

நீ கோபித்துக்கொண்டது நியாயம். இதுவரை உன்னிடம் மறைத்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் வர முடியாது என்பதல்ல, என்னை விடமாட்டோம் என்கிறார்கள். வந்த மறுநாளே துரைசானி என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் மேஜை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றாள். உன் கடிதம் வந்த அன்று, "அம்மா, என் மகளுக்குக் கல்யாணம். ஊருக்கு அனுப்புங்க" என்று கேட்டேன். காபிக் கோப்பையைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. "ராபின் பள்ளிக்கூடம் போகிறவரை நீ எங்கேயும் போகப் போவதில்லை, அம்மணி. இங்கே உன்னை யாருக்குத் தெரியும்? எங்கே போவாய்?" என்றாள். ராபினுக்கு இப்போது இரண்டு வயது.

என் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்துவைத்துப் படுத்தால் துரைசானி வந்து சாத்திவிட்டுப் போவாள். வாரத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம், பிள்ளையோடு, அந்த ரோடு. நான் பார்க்கிற உலகம் அவ்வளவுதான் ஜெயம். வேறு எதை உனக்கு எழுதுவேன்? குளிரை எழுதினேன், பிள்ளையை எழுதினேன். மற்றதை எழுதினால் நீ அங்கே சோறு தின்னாமல் கிடப்பாய்.

ஆடியில் இங்கே ஒலிம்பிக் பந்தயம் நடக்கிறது. எல்லாத் தேசத்துக்காரர்களும் வருகிறார்களாம். அதில் ஐம்பது கிலோமீட்டர் நடை. ஹில்டா கணக்குப் போட்டு முப்பத்தோரு மைல் என்றாள். திண்டிவனத்தில் புறப்பட்டு, கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வந்து, அதற்கும் மேல் ஏழு மைல். ஓடாமல்! ஹில்டா எனக்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அந்த ஒரு நாளைக்காவது லீவு கேட்கப் போகிறேன்.

ராஜாமணி எப்படிப் பேசுகிறார்? உனக்குப் பிடித்திருக்கிறதா? அதை ஒரு வரி எழுது.

உன் அம்மா,
அம்மணி


விழுப்புரம்
30-5-1948

அம்மாவுக்கு ஜெயம் எழுதுவது.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதிரில் பிரித்துவிட்டேன். "டீச்சர் ஏன் அழுறீங்க?" என்று கேட்டார்கள். கண்ணில் சுண்ணாம்புத் தூள் என்றேன்.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "அங்கியே இருக்கட்டும். இப்ப அவ வந்தாலும் பேஜாருதான்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

ராஜாமணி அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "மல்லாட்ட சாப்புடுவீங்களா?" என்று ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிடித்திருக்கிறது அம்மா. ஆவணியில் முகூர்த்தம் வைக்கப் பார்க்கிறார்கள்.

நீ அந்த லீவைக் கேட்காதே. அவள் உன்னை ஏதாவது செய்துவிடப் போகிறாள்.

உன் மகள்,
ஜெயம்


லண்டன்
8-8-1948

என் கண்ணே ஜெயம், அம்மா ஆயிரம் முத்தத்துடன் எழுதுவது.

நான் வெளியே வந்துவிட்டேன். உறையில் இருக்கிற விலாசத்தைப் பார், இது ஹில்டா வீடு. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

பந்தயம் ஜூலை முப்பத்தொன்று, சனிக்கிழமை. பத்து நாள் முன்பே லீவு கேட்டேன். முடியாது, அன்றைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று காலை ராபினுக்குச் சோறூட்டி முடித்ததும், பிள்ளையைத் துடைத்து, சட்டை மாற்றி, கூடத்துக்குத் தூக்கிப்போய் அவன் அம்மா மடியில் உட்காரவைத்தேன். நாலு விருந்தாளிகள் இருந்தார்கள். "நான் போயிட்டு வர்றேன் அம்மா, ராத்திரிக்குள்ள வந்துடுவேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், பயத்தில் இங்கிலீஷ் வரவில்லை. அவர்கள் முன்னால் அவளால் கத்தவும் முடியவில்லை. "திரும்பி வந்து பார்" என்று மட்டும் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

வெம்ப்ளி மைதானத்தை நீ பார்க்கவேண்டும். திருவாமாத்தூர்த் தேரோட்டத்துக் கூட்டத்தைப் போல இருபது மடங்கு. மத்தியானம் ஒன்றரைக்கு மேல் நடக்கிறவர்கள் புறப்பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் மைதானத்தில் ஓட்டம், தாண்டல், எறிதல் என்று என்னென்னவோ நடந்தது. ஜனங்கள் கத்தினார்கள். ஹில்டாவும் நானும் மட்டும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது எல்லாருக்கும் கால் நன்றாகத்தான் விழுந்தது. முப்பதாவது மைலில் எப்படி விழுமோ என்று ஹில்டாவிடம் சொன்னேன்.

ஆறு மணிக்கு மேல் ஸ்வீடன் தேசத்துக்காரர் ஒருவர் தனியாக உள்ளே வந்தார். பின்னால் கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. அப்படியிருந்தும் அவர் அவசரப்படவில்லை, நடைதான். நான் எழுந்து நின்று, "வா ராசா, வா!" என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவதாக வந்தவர் இந்த ஊர்க்காரர், நாற்பத்தெட்டு வயசாம், எனக்கும் மேல் எட்டு வயசு. அதற்கப்புறமும் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசிக்காரர்களுக்கும் நின்று கைதட்டினோம். ஜெயம், அந்த அஞ்சு மணி நேரம் யாரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்து வேலை ஏவவில்லை. உன் அப்பா செத்தபிறகு அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிகிறது, மணியடித்தேன், திறக்கவில்லை. ராபின் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஹில்டா வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை ஹில்டாவின் புருஷன் போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். மிரட்டவில்லை, அதட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த அம்மாளின் பெட்டியும் பாஸ்போர்ட்டும் வாங்கிப்போக வந்தோம்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் பேசாமல் நின்றார். துரைசானி என்னென்னவோ சொன்னாள். அவர் நின்றார். கடைசியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

இன்னொரு நல்ல சேதி. பம்பாய் போகிற குடும்பம் ஒன்று, வழியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. போய்ப் பேசினேன், சம்மதித்துவிட்டார்கள். செப்டம்பர் பதினொன்றாம் தேதி கப்பல். முகூர்த்தத்தை ஐப்பசிக்குத் தள்ளச் சொல். உன் கல்யாணத்தில் நான் இருப்பேன்.

உன் அம்மா,
அம்மணி


விழுப்புரம்
17-8-1948

அம்மா,

உன் கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தேன். நீ வெளியே வந்துவிட்டாய். நான்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று மாமா சமாளித்தார் என்று எழுதினேன் அல்லவா? அவர் சொன்னது இதுதான்: "எங்கக்கா கப்பல்ல போய்க்கினு இருக்கும்போதே சீக்கு வந்து பூட்டாங்க. கடல்லியே வுட்டுட்டாங்களாம்." வெள்ளைக்காரன் வீட்டில் விதவைப் பெண் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த அம்மாள் எழுந்து போயிருப்பாள் என்றார் மாமா. நான் அங்கேயே, தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் திறக்கவில்லை. முனியம்மாள் என் தலையைத் தடவி, "தாயில்லாப் பொண்ணு, எனக்கு எதுவும் வாணாம், இவ வந்தா போதும்" என்றார். அந்த இரக்கத்தில்தான் இந்த இடம் அமைந்தது. பள்ளிக்கூடத்து விலாசம் கேட்டதும் இதற்காகத்தான்.

ஆவணி இருபத்தைந்து முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அப்பா பெயருக்குப் போட்ட மாதிரியே உன் பெயருக்கு முன்னாலும் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறார்கள்.

அம்மா, இப்போது வராதே. கொஞ்ச நாள் போகட்டும். இதை எழுதுகிற கையை வெட்டினாலும் தகும்.

ஜெயம்


லண்டன்
26-8-1948

என் மகள் ஜெயத்துக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தில் என்னவென்று ஹில்டா கேட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் கேக் செய்தாள். நானும் தின்றேன்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். நீ தட்டை ஏந்தி நின்றதை நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்காகவும் எரிகிறது, உனக்காகவும் எரிகிறது. தம்பி தாண்டவராயனிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

கப்பலை நான் விடப்போவதில்லை. முகூர்த்தத்துக்கு எப்படியும் வந்து சேர முடியாது, அதனால் உன் பந்தலில் எந்தக் குழப்பமும் வராது. அக்டோபர் முதல் வாரம் திண்டிவனத்தில் நம் வீட்டைத் திறந்து குடியிருப்பேன். ஆயா வேலை ஏதாவது கிடைக்கும். விழுப்புரத்துக்கு வந்து உன் வாசலில் நிற்கமாட்டேன். ஆனால் ஒளிந்தும் இருக்கமாட்டேன். நீ யார் என்று கேட்கிறவர்களிடம், அம்மணி, ஜெயத்தின் அம்மா என்று சொல்வேன். அதில் ஒரு எழுத்து மாறாது.

ஒரு வருஷம் ஒருத்தியின் வீட்டில் பூட்டுக்குள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் அவள் எதைக் கேட்பாள், நான் எதை மறைப்பேன் என்றே போயிற்று. நீ அப்படி ஒரு குடித்தனம் நடத்தாதே. மற்றவர்கள் வாய் வழியாகத் தெரிவதற்குள், அந்தப் பிள்ளை ராஜாமணியிடம் நீயே சொல்லிவிடு. முடிந்தால் தாலிக்கு முன்னால். முடியாவிட்டால் நான் வந்து இறங்குவதற்கு முன்னால்.

நன்றாக இரு.

அம்மணி


விழுப்புரம்
6-10-1948

அம்மாவுக்கு, உன் மகள் ஜெயம் விழுந்து கும்பிட்டு எழுதுவது.

இந்தத் தடவை திண்டிவனத்து விலாசம் எழுதுகிறேன். நீ வந்து சேர்ந்ததாகச் சந்தையில் யாரோ சொன்னார்கள் என்று மாமா முகம் வெளுத்து வந்து சொன்னார்.

தாலிக்கு முன்னால் சொல்லவில்லை அம்மா. பயந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "எங்க அம்மா சாவலீங்க" என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் ஒரு பேச்சில்லை. வண்டிக்குப் போனார், வந்தார், தின்றார், படுத்தார். என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று துணியெல்லாம் மடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள், "இன்னும் இன்னாத்த மறைச்சு வச்சிருக்கற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தார். நடைப்பந்தயத்துக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அந்தப் போலீஸ்காரர் வாசற்படியில் நின்றதைப் படிக்கும்போது சிரித்துவிட்டார். பிறகு, "எங்கம்மாவுக்கு உசுரோட இருக்கற சம்பந்திய வுட, செத்த சம்பந்திதான் சவுகரியம். அவங்ககிட்ட இப்ப சொல்லாத. நான் பக்குவமா சொல்றேன். எப்பன்னு கேக்காத" என்றார்.

அதனால் நான் இப்போது வர முடியாது. என்னைத் தனியாக எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். என்ன காரணம் சொல்லிவிட்டு வருவேன்?

ஆனால் அவர் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை மெட்ராஸ் போகிற வண்டியில் அவருக்கு வேலை. திண்டிவனத்தில் நாலு நிமிஷம் நிற்குமாம். நீ பிளாட்பாரத்தில் முன்னால், இன்ஜின் பக்கமாக வந்து நில். இரண்டு பேர் இருப்பார்கள், வயசில் சின்னவர், முகமெல்லாம் கரியாக இருப்பவர் அவர். இறங்க முடிந்தால் இறங்குவார், இல்லாவிட்டால் மேலேயே நிற்பார். கூச்சக்காரர், தானாகப் பேச்செடுக்க மாட்டார். நாலு நிமிஷமும் அழுதுகொண்டே நின்றுவிடாதே அம்மா. நீ பேசு.

உன் மகள்,
ஜெயம்