துரையின் ஏழாவது பக்கம்

அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

ஒரு விஷயம், பதறாதே. நாய் வளர்க்க வீட்டுக்காரம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். துரையை அழைத்துக்கொள்ள அவனுடைய தடுப்பூசிப் பதிவுகள் வேண்டுமாம். உன்னிடம் கேட்டால், "அவன் இங்கயே இருக்கட்டும்டி" என்று மழுப்பினாய். அதனால் நம் கால்நடை டாக்டரையே கேட்டேன். தடுப்பூசிப் பக்கங்கள் போதும் என்றுதான் சொன்னேன். அவர் மொத்த ஃபைலையும் இங்குள்ள கால்நடை மருத்துவமனைக்கு ஆன்லைன் ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார்.

நான் வாங்கப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் ஆறு பக்கங்களைக் கொடுத்துவிட்டு, ஏழாவதைக் கையிலேயே வைத்திருந்தாள். "உங்களுக்கு வீட்ல யாரும் சொல்லலையா?" என்றாள். அதில் துரை இறந்த தேதி இருந்தது. ஐந்து வாரம் ஆகிறது.

தனியாக உட்கார்ந்து அழுவேன் என்றுதானே மறைத்தாய். வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் போய்விட்டது. ஆனால் அம்மா, இந்த ஐந்து ஞாயிறும் போனில் நீ "துரை, அக்கா பேசுறா பாரு" என்றதும் உன் பின்னால் குரைத்தானே. இரண்டு சின்னக் குரைப்பு, பிறகு ஒரு நீண்ட ஊளை. அது அவன் குரல்தான். எனக்குத் தெரியாதா?

அவன் கழுத்துப்பட்டையை அனுப்பு. கழுவாமல் அனுப்பு. எனக்குக் குளிருக்கு இரண்டு பனியனும் வை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நான் எதுவும் கேட்க மாட்டேன். நீயும் எதுவும் சொல்லாதே. எப்போதும் போல அவனைக் கூப்பிடு.

உன் மகள்