கழிவுத் தொட்டிக்குள் விளக்கு

அசாம், ஜூலை 1998

அன்புள்ள அப்பாவுக்கு ரெனால்ட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

இங்கே ஆறு வயல்களை மூடிவிட்டது. மழைக்காலத்தில் மூழ்கிய புல் அழுகி மீத்தேன் கிளம்பும். அதை டிரம்மில் பிடித்து அளப்பதுதான் எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் வேலை. நேற்று டிரம்மைக் கழுவத் தலையை உள்ளே விடுமுன், பழக்கத்தில் விளக்கை நீட்டினேன். நீங்கள் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷெட்டின் கழிவுத் தொட்டியில், “வெளக்கு எரிஞ்சா எறங்கலாம்டா” என்பீர்களே, அப்படித்தான். குப்பென்று பற்றியது. மீசைதான் போனது, படகோட்டி இன்னும் சிரிக்கிறார்.

அப்பா, உங்கள் தொட்டியிலும் இதே வாயுதான், கூடவே மூச்சை நிறுத்தும் விஷவாயுவும் இருக்கும். இனி விளக்கையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் எதிரிலுள்ள பூத்துக்குக் கூப்பிடுவேன். அம்மாவிடம் கொடுக்காமல் போனை நீங்களே எடுங்கள்.

படகு கிளம்புகிறது.

ரெனால்ட்