ஜன்னல் இல்லாத அறையில் பதினோரு நிமிடம்

டுலூத், ஏப்ரல் 9

அன்புள்ள சிக்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பி ஏவர்ட்டும் சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. ஆக்லாந்தில் நீயும் ருவானும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரியில் இன்னும் பனிக்கட்டி உடையவில்லை, நேற்று ஏவர்ட் வந்து வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டு ஒரு பானை காட்டரிசி சூப்பையும் காலி செய்துவிட்டுப் போனான்.

உன் கடிதம் கிடைத்தது. டீன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா வேலை திரும்பக் கிடைக்கும்ல, இந்த வயசுல என்னம்மா வீம்பு என்று எழுதியிருக்கிறாய். ஏவர்ட் பாதிதான் சொல்லியிருப்பான், முழுவதையும் கேள். கல்லூரியில் நானூறு பேருக்கு விடுதி கட்டப் போகிறார்கள், அதில் பாதி அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. நன்கொடை கொடுக்கும் பெரியவர் ஹால்வர்சன் பார்க்க வருகிறார், உன் கட்டடக்கலை வகுப்புப் பிள்ளைகளை வைத்து அழகாக ஒரு மாடல் செய்து கொடு என்றார் டீன் பிரெஸ்காட். ஜன்னல் எங்கே என்று கேட்டேன். விளக்கே சூரியன் மாதிரி நிறம் மாறும் மார்னா, பசங்க போனைத்தானே பாக்குறாங்க, வெளியில எங்க பாக்குறாங்க என்று சிரித்தார்.

சரி என்று செய்தோம். சின்னதாக அல்ல, நிஜ அளவில், பத்தடிக்கு ஏழடி. வகுப்பின் நடுவில் கெட்டி அட்டையில் சுவரும் கூரையும், உள்ளே கட்டில், மேசை, அவர்கள் பெருமையடித்த அதே விளக்கு. பதினான்கு பிள்ளைகளும் மூன்று நாள் வெட்டி ஒட்டினார்கள். ஹால்வர்சன் வந்ததும், ஒரு மணி நேரம் உள்ள உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம் என்றேன். டீன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கிழவரோ, பாக்கலாமே என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதினோராவது நிமிடம் வெளியே வந்தார், கழுத்துப் பட்டனைக் கழற்றியிருந்தார். பசங்க இதுல எத்தனை மாசம் இருப்பாங்க என்று டீனைக் கேட்டார். டீனை முந்திக்கொண்டு, ஒன்பது மாதம் என்று நான்தான் சொன்னேன். விருந்தாளியை அவமதித்தேன் என்று அன்று மாலையே டீனிடமிருந்து எனக்குக் கடிதம், மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு என் அப்பா இரண்டு வருடம் படுத்துக் கிடந்த வாடகை அறைக்கும் ஜன்னல் கிடையாது. ஒருநாள் என் அம்மா ரம்பத்தை எடுத்து மரச்சுவரை அறுத்தே விட்டாள். வீட்டுக்காரன் ஓடிவந்து, யாரைக் கேட்டு அறுத்தே என்று கத்தினான். அவரைக் கேட்டுத்தான் என்று அம்மா கட்டிலைக் காட்டினாள். அப்பா முகத்தில் விழுந்த அந்த வெயிலைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது, இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அதனால்தான். காலையில் பாடம், மதியம் சொந்த ஆபீஸ், ஒன்று போதாதா என்று உன் அப்பா இருந்தவரை கேட்பார். நான் வருடத்துக்கு மூன்று வீடு வரைவேன், என்னிடம் படித்தவர்கள் எத்தனை வரைவார்களோ, அவர்களுக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவா?

பத்து நாளில் ஹால்வர்சன் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், எல்லா அறைக்கும் ஜன்னல் வைக்கிறார்கள். அப்படியும் டீன் விடவில்லை, அதான் ஜன்னல் வெச்சாச்சுல்ல, நாலு வரி எழுதிக் கொடுத்தா என்ன என்றார். ஒரே வரி எழுதினேன், ஜன்னலுக்கு நன்றி, மன்னிப்பு கிடையாது என்று. கல்லூரி அறைச் சாவியையும் அதே உறையில் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை என் ஆபீஸ் வாசலில் ஒன்பது பிள்ளைகள் வரைபடச் சுருளோடு நிற்கிறார்கள். இங்கே மார்க் கிடையாது, போங்கள் என்றேன். டெஸ்ஸா என்று ஒரு துடுக்குக்காரி, மார்க்குக்குக் காலேஜ் இருக்கு, உங்ககிட்ட திட்டு வாங்கத்தான் வந்தோம் என்றாள். வாங்கினார்கள், மதியம் ஒரு மணி வரைக்கும்.

நீயும் ருவானும் நல்ல உடம்போடும் கலகலப்போடும் நீண்ட காலம் வாழ வேண்டும். வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடு. மறக்காதே, டீனுக்கு நீயே சமாதானமாக எழுதப் போவதாகச் சொன்னாயே, அதைக் கிழித்துப் போடு. அனுப்பிவிட்டிருந்தால் இன்றே இன்னொன்று எழுது, அம்மாவுக்குச் சம்மதமில்லை என்று.

மன்னிப்புக் கேட்காத உன் அம்மா,
மார்னா