கட்டிலில் விளைந்த புஞ்சை

எதிர்வீட்டுப் பெண் மாடிப்படியில் கால் பிசகி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவளுடைய மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. யாரையோ வரவழைத்து, உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பத்துப் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கட்டியிருக்கிறார்கள். இன்று காலை அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் கால் வைக்கும்போதே அந்த வாடை வந்தது. உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நமக்குக் கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலம் முழுக்க நம் வீட்டில் இதைத் தவிர வேறு வாடையே இருந்ததில்லை. நினைவிருக்கிறதா உங்களுக்கு?

ஐம்பதுகளின் கடைசி அது. விருதுநகர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த என்னை, வெம்பக்கோட்டைக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊரில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள். விடியுமுன் காட்டுக்குப் போவீர்கள், இருட்டி வருவீர்கள். அப்பா இல்லாத வீட்டில் ஒரே ஆம்பளை நீங்கள்தான். எனக்குத் துணை, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கைமிஷின். ரவிக்கை, தலையணை உறை, கிழிந்த சேலைகளை வெட்டி ஒட்டி ஒரு போர்வை என்று எதையாவது தைத்துக்கொண்டே இருப்பேன். யாரும் கேட்டுத் தைப்பதில்லை. தைத்தால் எனக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அத்தைக்கு அது விளங்கவே இல்லை. “பழந்துணிய வெட்டி மறுபடியும் ஒண்ணாத் தைக்கிறியே, அதுக்கு வெட்டாமலே இருந்திருக்கலாமில்ல?” என்பார்கள். நீங்கள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள்.

அந்தப் புரட்டாசியில் இருக்கன்குடியில் நேர்த்திக்கடனை முடித்துத் திரும்புகையில் ஓடை இறக்கத்தில் வண்டி குடைசாய்ந்தது. எனக்கும் அத்தைக்கும் சிராய்ப்போடு போயிற்று. உங்கள் வலது கால் மட்டும் வண்டிக்கு அடியில். இதே உளுந்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய வைத்தியர், தை பிறக்காமல் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே மழை இறங்கியது. மூன்று வருஷம் ஏமாற்றிய மழை.

ஊரே விதைப்பெட்டியோடு தெருவில் ஓடியது. நீங்கள் முன்அறையில் கயிற்றுக்கட்டிலில் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பங்காளிகள் வந்து ஏர் பூட்டி நம் புஞ்சையிலும் விதைத்துக் கொடுத்தார்கள். கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். “ரெண்டு வாய் குடிங்க” என்றால், “படுத்துக் கெடக்குறவனுக்கு எதுக்குக் கஞ்சி?” என்பீர்கள். கால் கோணலாகச் சேர்ந்துவிடுமோ, இனி கலப்பை பிடிக்கவே முடியாதோ என்கிற பயம் உங்களைத் தின்றுகொண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் உங்களுக்குத் தெரியவில்லை. உங்களிடம் அதைக் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும் என்று மிஷினைத் தூக்கி வந்து கட்டிலுக்கு அருகில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் போர்வைக்கு மேல்துணியைக் கையூசியால் தைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் வந்தது.

“அந்த மூலை கோணலாப் போகுது.”

“எந்த மூலை?”

“கண்ணு தெரியலையா? ஒன் இடதுகைப் பக்கம். உழவு சாலு இப்படிப் போனா மாடு வரப்புல ஏறிரும்.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு நீங்கள் முழுசாகப் பேசிய பேச்சு அது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. “அப்ப நீங்களே தைச்சுக் காட்டுங்க” என்று ஊசியை நீட்டினேன். வாங்க மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். விரலில் குத்திக்கொண்டீர்கள், நூலைச் சிக்காக்கினீர்கள், என்னைத் திட்டினீர்கள். சாயங்காலம் பார்த்தால், பிரித்துத் தைத்த அந்த மூலை கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணம் காலியாக வந்தது.

அந்த வருஷம் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. தாயில்பட்டிப் பக்கம் அப்போதுதான் பட்டாசுக் கம்பெனிகள் தலைகாட்டியிருந்தன. தீபாவளி சீசன் என்று நம் தெருப் பெண்கள் அங்கே போய்விட்டார்கள். அத்தைக்கு முட்டுவலி. உங்கள் தங்கை பேச்சியைக் காட்டுக்கு அனுப்ப அத்தைக்கு மனமில்லை, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது நான். டவுனில் பிறந்தவள், கம்புக்கும் சோளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரிசல் சேற்றில் இறங்கினேன். கிடைத்த ரெண்டு ஆளோடு நானும் களை பிடுங்கினேன். திரும்பி வந்து கால் கழுவுமுன் நீங்கள் கேட்க ஆரம்பிப்பீர்கள்.

“கம்பு எம்புட்டு உசரம்?”

“முழங்காலுக்குக் கீழ.”

“என்ன பச்சை?”

“பச்சைன்னா பச்சைதேன். இதுல என்ன?”

“மொளைப் பச்சையா, வெளுத்த பச்சையா, கறுத்த பச்சையா? நாளைக்கு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு, புள்ள.”

மறுநாள் பார்த்துவிட்டு வந்தேன். சொல்லத் தெரியவில்லை. துணிமூட்டையைப் பிரித்து என் பழைய தாவணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, “இந்தப் பச்சை” என்றேன். நீங்கள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். முகம் மலர்ந்தது. “அப்ப பயிரு நல்லாத்தான் இருக்கு” என்றீர்கள். அந்தத் துண்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. போர்வையின் நடுவில் அளந்து வைத்துத் தைத்தீர்கள்.

அப்படித்தான் நம் புஞ்சை கட்டிலுக்கு வந்தது. கரிசலுக்குக் கறுப்புக் குடைத்துணி. ஓடைக்கு அத்தையின் நீலக்கரைச் சேலை. பருத்தி பூத்ததும் மஞ்சளுக்குப் பேச்சியின் பாவாடை நாடாவைக்கூட நீங்கள் விடவில்லை. கிழக்கு மூலையில் தண்ணீர் நின்று விதை அழுகிவிட்டது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். “சரி, அங்கன வெறுங்கறுப்பா விட்டுருவோம்” என்றீர்கள். அவ்வளவுதான்.

அத்தைதான் பதறினார்கள். “ஏலே, ஆம்பளை ஊசியும் நூலுமா உக்காந்திருந்தா பாக்குறவுக என்ன நெனைப்பாக? அந்தப் புள்ளைக்கு நாளைக்கு நல்ல எடம் வர வேண்டாமா?” என்று அடிக்குரலில் சண்டை பிடிப்பார்கள். யாராவது வாசலில் செருமினால் போதும், போர்வைமேல் ஒரு வேட்டியை விரித்து மூடிவிடுவார்கள்.

கார்த்திகைக் கடைசியில் பேச்சியைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த நாளை நினைத்து எத்தனை முறை சிரித்திருப்போம்! அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அத்தை ஓடிவந்து வேட்டியை விரித்தார்கள். உங்கள் கையிலிருந்த ஊசியைப் பிடுங்க மறந்துபோனார்கள். நீங்கள் பதற்றத்தில் அதைப் போர்வையில் குத்தி வைத்துவிட்டீர்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறடி உயரம், முறுக்கு மீசை. நேராக உங்களிடம் வந்து, “காலு எப்படி இருக்கு தம்பி?” என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஆத்தாடி!” என்று அந்த மீசை எழுந்து நின்றது.

கதவுக்குப் பின்னால் நானும் அத்தையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். உங்கள் முகம் சிவந்துபோயிற்று. “மன்னிச்சுக்கிடுங்க மாமா. ஊசி இருந்ததை மறந்துட்டேன்” என்றீர்கள்.

“கட்டில்ல ஊசி என்னத்துக்கு?”

வைத்தியர் மறந்து வைத்தது என்று சொல்லியிருக்கலாம். என்மேல் பழியைப் போட்டிருக்கலாம், நானும் தலையாட்டியிருப்பேன். நீங்கள் வேட்டியை விலக்கினீர்கள். “போர்வை தைக்கிறேன். படுத்தே கெடக்க முடியலை.”

“நீயா?”

“நாந்தேன்.”

அவர் போர்வையைக் கையில் எடுத்து விரித்தார். வெகுநேரம் பார்த்தார். “இது என்ன, பாத்தி பாத்தியா?”

“எங்க புஞ்சை.”

“இந்த மூலை ஏன் கறுப்பாக் கெடக்கு?”

“தண்ணி நின்னு வெதை அழுகிப்போச்சு.”

“நீதான் இங்கன கெடக்குறியே, எப்படித் தெரியும்?”

“எம் பொஞ்சாதி தெனம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவா.”

பேச்சி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அன்று அத்தை அடுப்பே பற்றவைக்கவில்லை. “ஒம் போர்வைதான் எம் மக வாழ்வுல மண்ணள்ளிப் போட்டுருச்சு” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நீங்கள் போர்வையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பேச்சி என்னிடம் வந்து, “மதினி, அந்த மீசை பயந்து எந்திரிச்சதை நெனைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது. நீங்க கவலைப்படாதீக” என்றாள். அந்த வீட்டில் அன்றைக்குத் தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான்.

சில நாள் கழித்து மனிதர் தாம்பூலத்தோடு வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, கையால் தடவிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். அத்தையைப் பார்த்துச் சொன்னார்: “எங்க வீட்டுல கால் நல்லா இருக்கவுகளே காட்டைப் போய்ப் பாக்க மாட்டேங்குறாக. இங்கன படுத்துக்கிட்டே பாக்குறாக. எம் மகனுக்கு இந்த வீட்டுலயே பொண்ணு குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், இதே மாதிரி ஒரு போர்வை போதும். ஊசியை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க.”

அத்தை முதல்முறையாகத் துணிமூட்டையைத் தானே தூக்கிவந்து உங்கள் முன்னால் வைத்தார்கள்.

தை பிறந்ததும் கட்டை அவிழ்த்தார்கள். கால் கொஞ்சம் குட்டைதான், ஆனால் ஊன்றியது. ஒரு கையில் ஊன்றுகோல், மறுகை என் தோளில். ஓடையைத் தாண்டிப் புஞ்சைக்குப் போய்ச் சேரவே வெகுநேரம் ஆயிற்று. கதிர் முற்றிய கம்பங்காட்டின் முன்னால் நின்றீர்கள். நான் பார்த்ததெல்லாம் தப்பாக இருந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரைக்கும் மெதுவாகப் பார்த்தீர்கள். பிறகு, “நீ சொன்னபடியேதான் இருக்கு” என்றீர்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே நீங்கள், “அந்தக் கருவேலங்கொப்பு ஒடிஞ்சு கெடக்கே, அதைச் சொல்லலையே?” என்றீர்கள்.

“அது வரப்புல கெடக்கு. நீங்க காட்டைத்தானே கேட்டீக?”

நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் முதலில் கேட்டேன். கதிரில் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்துபோயின.

அதற்குப் பின் எத்தனை போர்வைகள்! அறுபதுகளில் வத்தல் மூட்டை லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனால், திரும்பும்போது சிவகாசித் தையல்கடைகளில் வெட்டுத்துணி வாங்கி வருவீர்கள். கோடையில் காட்டில் வேலை இருக்காது. மிஷின் சக்கரத்தை நான் சுற்றுவேன், துணியை நீங்கள் தள்ளுவீர்கள். பிள்ளைகள் இருவரும் அந்தச் சத்தத்தில்தான் மத்தியானம் தூங்குவார்கள். ஒரு தீபாவளிக்குக் கொடியில் காய்ந்த போர்வையில் பூவாணப் பொறி விழுந்து ஓட்டையானது. சின்னவள் அழுதாள். நீங்கள் அந்த ஓட்டைமேல் சிவப்பாக ஒரு மிளகாய் வைத்துத் தைத்தீர்கள். அடுத்த நாள் பெரியவன் வேண்டுமென்றே தன் போர்வையைக் கொண்டுபோய்ப் பூவாணத்துக்குப் பக்கத்தில் பிடித்தானே! ஊரில் உங்களைக் கேலி பேசியவர்களும் உண்டு. “தையல்காரரே” என்று கூப்பிடுவார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்து, “அளவு எடுக்கணுமா?” என்று கேட்பீர்கள்.

நீங்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. புஞ்சையையும் விற்றுவிட்டோம். நான் விருதுநகரில் சின்னவளோடு இருக்கிறேன். போர்வைகள் நைந்தும் கைமாறியும் போய்விட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை, போர்த்திக்கொள்ளத்தானே தைத்தோம். என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. கல்யாணத்துக்கு முன்னால் நான் எதையும் சரியாகப் பார்த்தவள் இல்லை. ஒரு மனிதர் கட்டிலில் காத்துக் கிடக்கிறார், போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் பார்க்கக் கற்றேன். நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். எனக்கோ பார்ப்பதை நிறுத்தத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் நம் ஊர்வழியாகப் போனேன். நல்ல மழை பெய்திருக்கிறது. இப்போது எல்லோரும் மக்காச்சோளம் போடுகிறார்கள். என் இடுப்பு உயரம் இருக்கும். பச்சைதான், ஆனால் உள்ளே லேசாக நீலம் ஓடுகிற பச்சை. அந்த நிறத்தில் நம் வீட்டில் துணி இருந்ததே இல்லை.