நோயாளி எண் 214 விட்டுப்போனவர் அல்ல

அனுப்புநர்:
அன்னக்கொடி,
மந்தைத் தெரு, வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
காசநோய் மருந்து ஆராய்ச்சிப் பிரிவு, மதுரை.

பொருள்: காலஞ்சென்ற என் கணவரின் (நோயாளி எண் 214) கார்டில் தவறாக எழுதியிருப்பதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

நான் ஐந்தாவது வரை படித்தவள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் கணவர் கப்பலூர் பட்டறையில் லேத் வேலை பார்த்தவர். ஐந்தே மாதத்தில் காசநோய் குணமாகுமா என்று தாங்கள் நடத்தும் ஆராய்ச்சியில் சென்ற ஆண்டு ஜனவரியில் சேர்ந்தார். தினமும் நர்சம்மா கண்முன்னால் மாத்திரை விழுங்கி, ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஒருநாள்கூடத் தவறவில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்றும் அம்புட்டுக் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு தங்கள் வாசலுக்கு வந்தவர். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று கூட வந்த நோயாளிகள் சிலர் பயந்து கிளம்பியபோது, "பழைய என்ஜினுக்கு ஆயில் மாத்துறாக, பேசாம உக்காருங்கப்பா" என்று சிரிக்க வைத்து உட்காரச் செய்தாராம். நர்சம்மாவே என்னிடம் சொன்னது.

2. மருந்து முடிந்தபின் மாதம் ஒருமுறை சளிப் பரிசோதனை. ஆறு மாதமும் கிருமி இல்லை என்றே வந்தது. குணமானவருக்கு இன்னும் எதற்கு அலைச்சல் என்று கேட்டேன். "நமக்கு மட்டுமா சாப்பிட்டேன்? இனிமே வாரவுகளுக்கும் சேத்துத்தான். நோய் திரும்ப வருதா இல்லையான்னு டாக்டருக்குத் தெரிய வேணாமா" என்றார்.

3. 11.12.78 காலை, ஏழாவது பரிசோதனைக்குச் சளி பாட்டிலோடு சைக்கிளில் வரும்போது தெற்குவாசல் பக்கம் லாரி மோதி இறந்துபோனார். பையில் இருந்த பாட்டில் உடையவில்லை. ஐந்தாம் நாள் அதை நானே எடுத்து வந்தேன். கவுண்டரில் பேர் கேட்டார்கள். புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாததால் நம்பரை மட்டும் சொன்னேன். நோயாளி நேரில் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று சொல்லி, "அவர வரச் சொல்லுங்கம்மா" என்றார் அங்கிருந்த தம்பி. இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தவறு என்னுடையது. அந்தத் தம்பியைக் கண்டிக்க வேண்டாம்.

4. பிறகு மேலூரில் என் அண்ணன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். தங்கள் ஆள் மூன்று தடவை வந்து பூட்டைப் பார்த்துப் போயிருக்கிறார். சென்ற வாரம் திரும்பியபோது கதவில் நோட்டீஸ் இருந்தது. சொல்லாமல் நின்றுவிட்டதால் 'விட்டுப்போனவர்' என்று பதிந்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தங்களிடம் வந்துகொண்டிருந்தவர், ஐயா.

5. பிரேதப் பரிசோதனைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். இங்கிலீஷில் உள்ளதை வக்கீல் குமாஸ்தா ராமமூர்த்தி படித்துச் சொன்னார். வலது நுரையீரலில் பழைய புண் ஆறிய தழும்பு இருக்கிறது, நோய் இல்லை என்று போட்டிருக்கிறதாம். ஏழாவது பரிசோதனைக்குப் பதில் இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கார்டிலும் ஆராய்ச்சிப் பதிவேட்டிலும் 'விட்டுப்போனவர்' என்பதை அடித்துவிட்டு, மருந்தை முழுதாகச் சாப்பிட்டார், குணமானார், விபத்தில் இறந்தார் என்று எழுதும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பாட்டிலைக் கொதிநீரில் கழுவி இத்துடன் ஒப்படைக்கிறேன். அடுத்தவருக்கு ஆகும்.

அன்று கவுண்டரில் சொல்லாத பேரை இங்கே எழுதுகிறேன். 214-ஆம் எண்ணுக்குரியவர் பேர் பால்பாண்டி.

இடம்: வில்லாபுரம்
நாள்: 19.3.1979

இப்படிக்கு,
பால்பாண்டி மனைவி
அன்னக்கொடி