கேட்காமல் போட்ட லினக்ஸ்

பெரம்பலூர்
2.2.2026

அன்புள்ள தம்பி பரணிக்கு,

இன்று காலை காப்பிகூடக் குடிக்காமல் முதல் வேலையாகக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு ஏதோ மலைப் படம் வந்து நின்றது. நான் பத்திரிகை அடிக்கும் பேஜ்மேக்கர் இல்லை. என் எழுத்துருக்கள் இல்லை. பிரிண்டர் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

நேற்று தைப்பூசத்துக்கு நான் செட்டிகுளம் போய்வந்த அரை நாளில், ஆணியில் கிடந்த கடைச் சாவியை எடுத்து இதைச் செய்திருக்கிறாய். "அது திருட்டு விண்டோஸு, அக்கா. வைரஸ் புடிச்சுக் கெடந்துச்சு. லினக்ஸ் போட்டுட்டேன், இனிமே பறக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் போடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

பழைய வேலைகளைப் பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்ததாகச் சொன்னாய். திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடத் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது. கோப்புகளை எடுத்தவன் எழுத்துருக்களை எடுக்கவில்லை. அந்தப் பழைய எழுத்துரு இல்லையென்றால் அதில் அடித்த எதையும் படிக்க முடியாது, டி.டி.பி. கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உனக்குத் தெரியாதது குற்றமில்லை. என்னைக் கேட்டிருக்கலாம்.

அரும்பாவூர் செல்லப்பன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடுத்த செவ்வாய்க்குள் அச்சுக்குப் போக வேண்டும். வழி சொல்.

உன் அக்கா,
கீதாஞ்சலி


பெங்களூரு
4.2.2026

அன்பு அக்கா,

கூரியரில் கடிதமா! ஆபீஸே கூடி வேடிக்கை பார்த்தது.

கோபப்படாதே, உன் நல்லதுக்குத்தான் செய்தேன். பேஜ்மேக்கரை உலகம் மறந்து இருபது வருடம் ஆகிறது. எல்லோரும், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு வந்துவிட்டார்கள். கூடவே ஒரு தாளில் கட்டளைகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக அப்படியே அடி, பிரிண்டர் வந்துவிடும். கடவுச்சொல் என் பிறந்த தேதி. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
பரணி


பெரம்பலூர்
11.2.2026

பரணி,

உன் கட்டளைகள் நாற்பத்தொரு வரி. ஒன்பதாவது வரியில் நின்றுவிட்டது. நான் தப்பாக அடித்திருப்பேன் என்று நினைப்பாய். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவள் நான், ஒரு புள்ளியைக்கூட விடமாட்டேன்.

லினக்ஸ் போட நீ கொண்டுவந்து விட்டுப்போன இன்னொரு பென் டிரைவை வைத்து, யூடியூப் பார்த்து, முதலிலிருந்து நானே ஏற்றினேன். முதல் தடவை திரை இருண்டுபோனது. இரண்டாம் தடவை ஏறியது. பிரிண்டர் மட்டும் வரவே இல்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அது என்னிடம் மொழி கேட்டது. ஊர் கேட்டது. இருப்பதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்று கேட்டது, 'ஆம்' என்றதும் நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அப்படியானால் உன்னிடமும் இரண்டு தடவை கேட்டிருக்கிறது. என் பன்னிரண்டு வருடத்துக்கு நீ இரண்டு தடவை 'ஆம்' சொல்லியிருக்கிறாய். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டிமேல் கோபம் இல்லை.

செல்லப்பன் மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்கு ஒடம்பு தேவலையா?"

"இன்னும் இல்லீங்க."

"பொண்ணு வூட்லயும் சம்மதம், மாப்ள வூட்லயும் சம்மதம். இந்தப் பொட்டிதாம்மா ஒத்துக்க மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நேற்று வேறு கடைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்து வினாத்தாள் வேலையும் போய்விடும் போலிருக்கிறது.

பழைய விண்டோஸ் பெட்டி எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீ எதுவும் அனுப்ப வேண்டாம். செய்தது தப்பு என்று ஒரு வரி எழுது, போதும்.

கீதாஞ்சலி


பெங்களூரு
14.2.2026

அக்கா,

இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. வேறு கம்ப்யூட்டர்தானே வேண்டும்? என் லேப்டாப் ஒன்றை அனுப்பிவிட்டேன். ஒரிஜினல் விண்டோஸ். உனக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் நானே போட்டுவிட்டேன். பேஜ்மேக்கர் மட்டும் போடவில்லை. அது இல்லாமல் பழகிக்கொள்.

இன்னொன்று. சக்திக்கு ஏப்ரலில் பிரசவ லீவு முடிகிறது. பாப்பாவை வெளி ஆளிடம் விட எங்களுக்கு மனசு வரவில்லை. கடையும் இப்படி ஆகிவிட்டது, நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாய். பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடு. மார்ச் 27க்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

பரணி


அரியலூர்
21.2.2026

பரணி,

இன்று காலை முதல் வேலையாக, லேப்டாப் பெட்டியைப் பிரிக்காமலே அதன்மேல் உன் விலாசத்தை ஒட்டி கூரியரில் கொடுத்தேன். பிறகு அரியலூர் பஸ் ஏறினேன்.

என்னோடு டைப்ரைட்டிங் படித்த பிரவீணா இங்கே சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறாள். அவள் கடை மூலையில் இன்டர்நெட் இல்லாத பழைய பெட்டி ஒன்று. அதில் என் எழுத்துருக்கள் அத்தனையும் இருந்தன. கடை தொடங்கிய புதிதில் நான்தான் சிடியில் போட்டு அவளுக்குக் கொடுத்தேனாம், எனக்கே மறந்துவிட்டது. பழைய வேலைகள் இருந்த பென் டிரைவைச் செருகி, ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தேன். 'நிகழும் மங்களகரமான' என்று தமிழ் வந்து நின்றது. அழுதுவிட்டேன்.

"அடியே, அழுவறத வுட்டுட்டுப் பள்ளிக்கூடத்து வேலையப் பாரு" என்றாள் பிரவீணா. அந்தப் பெட்டியையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். லினக்ஸ் பெட்டியையும் தூக்கிப் போடமாட்டேன். வேலை இல்லாத மதியங்களில் என் வேகத்துக்கு யூனிகோடு பழகுவேன். கடவுச்சொல்லை மாற்றியாயிற்று.

ஒரு வரிதான் கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதினாய், அந்த வரி அதில் இல்லை. எனக்கென்று குடும்பம் இல்லாததால் என் நாள்கள் எல்லாம் காலியாகக் கிடப்பதாக நினைக்கிறாய். நானும்தான் உன்னை அப்படி நினைக்கவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய். பாப்பாவைப் பார்க்க வருவேன், எனக்கு முடிகிறபோது, நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு.

நீ காலேஜில் சேர்ந்த வருடம் 'பரணி டி.டி.பி. சென்டர்' என்று பலகை மாட்டினேன். போர்டு எழுதும் அமாவாசை நாளை காலை வருகிறார். வெயிலில் வெளுத்ததைப் புதுப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லப்போகிறேன். இதை இன்னும் அவரிடமும் சொல்லவில்லை, பிரவீணாவிடமும் சொல்லவில்லை. பெயின்ட் காய்ந்த பிறகுதான் இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுவேன்.

கீதாஞ்சலி